பந்தி நடுவில் நாதஸ்வரம்

அமுதா,

நேற்று போனில் "ஞாயித்துக்கிழமை ரயில்ல வராதே, மணவூர் பக்கமே போகாதே, சனிக்கிழமை பகல்லயே திருப்பதி பஸ் புடிச்சு வந்துடு" என்று நான் சொன்னபோது, "ஏன் நைனா?" என்று மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் "வா, சொல்றேன்" என்றேன். நாலாவது தடவை நீ கேட்கவில்லை, வைத்துவிட்டாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெத்த பொண்ணுகிட்டயும் முழுசா பேச மாட்டீங்களா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்கு நேரிலேயே பேச வராது, போனில் சுத்தமாக வராது. முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கேமராவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்று பழகியவன். அதனால் எழுதுகிறேன். நாளைக்கு ஜமால் பாய் தன் மெக்கானிக் ஷெட்டுக்குச் சாமான் வாங்க மெட்ராஸ் வருகிறார். இந்தக் கடிதத்தையும், பழைய துண்டில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியையும் உன் கையில்தான் கொடுப்பார். பெட்டியை அவசரப்பட்டுப் பிரிக்காதே. முதலில் இதைப் படி.

இன்னொன்று. இது உனக்கு எழுதுவதுதான், ஆனால் உனக்கு மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஷெட்டில் உன் படத்தைப் போடுவதற்கு முன்னால் நீயே எழுந்து நின்று இதை எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். ஒரு வரி கூட வெட்டக் கூடாது. இந்த வீட்டில் நான் வெட்டியது போதும்.

நம் வீடியோக் கடைத் தொழிலை நீ ஒருநாளும் மதித்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபமும் உண்டு, இன்றைக்கு அதைப் பேசப் போவதில்லை. ஆனால் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று உனக்கே முழுசாகத் தெரியாது. மலைக்கோயிலில் தாலி கட்டு, கீழே மண்டபத்தில் சாப்பாடு, இரண்டுக்கும் நடுவே யாராவது ஒரு குழந்தைக்கு மொட்டை. எல்லாவற்றையும் எடுத்து, தொகுத்து, கொடுக்க இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தில் சம்பந்திகளுக்குள் ஏதாவது ஒன்று முறிந்திருக்கும். வீட்டுக்காரர் கடைக்கு வருவார், உட்காருவார், டீ குடிப்பார், கடைசியில் கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அந்தப் பெரியப்பா வீட்டாளுங்க வர்ற எடத்த மட்டும் எடுத்துடுங்க." ஏன் என்று கேட்க மாட்டேன். எடுத்துவிடுவேன். வெட்டின இடத்தில் எதையாவது வைத்து ஒட்டாவிட்டால் படம் குதிக்கும். அதற்கு நான் கைவசம் வைத்திருந்தது நாதஸ்வரக்காரரின் கன்னம். ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர் கன்னம் உப்பி ஊதுவதைக் கிட்டத்தில் போய் ஒரு நிமிடம் எடுத்து வைத்துக்கொள்வேன். எங்கே ஒரு ஆளைத் தூக்குகிறேனோ அங்கே அந்தக் கன்னம் வரும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, மங்களமாகவும் இருக்கும்.

உன் அத்தையையும் அப்படித்தான் தூக்கினேன். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள், கூப்பிடாமலே உன் சித்தப்பா கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் சொன்னார்கள், வெட்டினேன். ஒரு வருடம் கழித்து நம் வீட்டுக்கு வந்தபோது அவளே கேட்டு அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். முழுக்கப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் உக்காந்த நாற்காலி கூட இல்லையே" என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயசு. ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. பின்னால் நீ எடுத்த முதல் படத்தில் ஒருத்தி தன் அண்ணன் வீட்டு வீடியோவில் தன்னைத் தேடிக்கொண்டே இருப்பாள். அரக்கோணத்தில் ஒரு கல்லூரி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். படம் முடிந்ததும் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நான் என்ன சொன்னேன்? "லைட்டு கொஞ்சம் கம்மி." அது என் வாழ்நாளில் நான் பேசிய மிக மட்டமான வார்த்தை. உன் கையைப் பிடித்து அழுதிருக்க வேண்டும்.

நீ பெரிய கம்பெனியில் உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதினோரு மாதத்தில் விட்டுவிட்டு வந்து, "எட்டு பேர்ல நான் எட்டாவது நைனா. குடை புடிக்கறதுதான் வேலை. அவங்க படத்துல ஒரு பொம்பளையும் வாயத் தொறக்க மாட்டா" என்றாய். சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன கொழுப்பு என்று கத்தினேன். அதன் பிறகு நீ இரவல் கேமராவில், நாலு சிநேகிதர்களோடு, பேக்கரிக்காரரையும் பஸ் கண்டக்டரையும் நடிக்க வைத்துப் படம் எடுத்தாய். தயாரிப்பாளர் இல்லை, தியேட்டர் இல்லை, போஸ்டர் இல்லை. புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் நூலகத்தில் போட்டாய், மொட்டை மாடியில் போட்டாய், ஒரு தடவை கோழிப்பண்ணையில் கூடப் போட்டாய். வெளிநாட்டில் உன் படத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்கள் என்ற செய்தி வந்த வாரம், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் "கம்ப்யூட்டர் வேலை பாக்குது" என்று சொன்னேன். உள்ளறையில் நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். உன்னையும் வெட்டி அந்த இடத்தில் ஒரு கன்னத்தை ஒட்டினேன். அவ்வளவுதான் நான்.

இதுவரை எழுதியது உனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதுவது, மூன்று வருடமாக நீ எதைத் தேடி அலைகிறாயோ அது.

நீ படமாக எடுத்திருக்கிற ஏகாம்பரத்தின் சாவைப் பற்றி நான் உனக்குச் சொல்லவே வேண்டியதில்லை, கேட்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கே.ஜி.கண்டிகைக்கு அந்தப் பக்கம் கல்குவாரியை ஒட்டி நிலம் வைத்திருந்தவர். வெடி வைத்து வைத்து வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டது என்று ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மனு மேல் மனு போட்டவர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில், குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரில் பிணமாகக் கிடந்தார். குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்றார்கள். காணாமல் போன அன்றைக்கு அவர் குவாரிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் போனார் என்று அவர் மனைவி கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். கல்யாண வீட்டுக்காரர்கள் அவர் வரவே இல்லை என்றார்கள். மண்டபத்தில் அன்றைக்கு ஐந்நூறு பேர் சாப்பிட்டார்கள், ஒருத்தர் கூட அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். எடுத்தது என்ன என்பதுதான் உனக்குத் தெரியாது.

அவர் வந்திருந்தார், அமுதா. சண்டைக்காரர் வீடு என்றாலும் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார்களே, போகாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். யார் யார் வந்தார்கள் என்று வீட்டுக்காரர்கள் பின்னால் பார்த்துக்கொள்வதற்காகப் பந்தியை வரிசையாக எடுப்பது வழக்கம். சாப்பிடும்போது எடுத்தால் யாருக்கும் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் திருப்பவில்லை. வாயில் சோற்றோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

அது பாவாவின் கை. எல்லைக்கு அந்தப் பக்கம், திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்து குவாரிக்காரர்களுக்கு எல்லாக் காரியமும் முடித்துக் கொடுக்கிற ஆள். தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவது போல ஊரே அவரைப் பாவா என்றுதான் கூப்பிடும், உன் படத்தில் அவரைத் தூரத்திலிருந்து எடுத்திருக்கிறாய். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "சாப்ட்டீங்களா?" என்பதுதான். அன்றைக்குப் பக்கத்தில் இன்னொருத்தனும் நின்றான். பாவா குனிந்து, "மாமா, ஒரு நிமிசம் வெளிய வந்துட்டு போ" என்றார். ஏகாம்பரம் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "கை கழுவிட்டு வரேம்பா." "வந்து கழுவிக்கலாம். எல அப்படியே இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க." இத்தனையும் சத்தத்தோடு பதிவாகியிருக்கிறது. அவர் எழுந்தார். எச்சில் கை சட்டையில் பட்டுவிடக் கூடாது என்று கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இரண்டு பேருக்கு நடுவில் நடந்து போனார். ரசம் ஊற்றுகிற பையன் ஆள் இல்லாத இலையில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். மொத்தம் பதினெட்டு விநாடி.

மூன்றாம் நாள் பிணம் கிடைத்தது. ஐந்தாம் நாள் பாவா கடைக்கு வந்தார். "சாப்ட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பந்தியில கொஞ்சம் எடம் வேணாம்ங்க. எந்த எடம்னு உங்களுக்கே தெரியும். அப்பறம் அந்த டேப்பையும் குடுத்துடுங்க, வீட்டுல பத்திரமா வெச்சுக்கறோம்." மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்கு உன்னிடம் அதையாவது சொல்லிக்கொள்வேன். எல்லா வாடிக்கையாளரையும் போலத்தான் கேட்டார், எல்லா வாடிக்கையாளருக்கும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்: "ஆங், செஞ்சுடலாம்ங்க." என்ன வெட்டுகிறோம் என்று தெரிந்தேதான் வெட்டினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. பழகின கை.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் கோவிந்தம்மாள் கடைக்கு வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை, அங்கேயே நின்று பேசினார். "சார், அன்னிக்கு கல்யாணத்துல அவரு வந்திருந்தாருங்க. நீங்க எடுத்திருப்பீங்க. மாலை போட வூட்ல ஒரு போட்டோ கூட இல்ல. அதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்." வழக்குக்கு அல்ல, சாட்சிக்கு அல்ல, சுவரில் மாட்டக் கேட்டார். நான் சொன்னேன்: "இல்லம்மா, அதுல அவரு விழல." அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். ரேஷன் கார்டிலிருந்த மங்கலான முகத்தைப் பெரிசு பண்ணி மாட்டிக்கொண்டார். நீ உன் படத்தில் அந்தச் சுவரை எடுத்திருக்கிறாய். முகமே தெரியாத ஒரு படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று உன்னைத் தவிர யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால், அந்தக் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர் ஒருத்தரிடமிருந்து அந்த வீடியோவின் நகலை வாங்கிக்கொண்டு நீ கடைக்கு வந்தாய். பந்தி வரைக்கும் ஓட்டி நிறுத்தினாய். "நைனா, பந்தி நடுவுல எதுக்கு நாதஸ்வரம்?" "அது ஒரு வழக்கம்மா. மங்களமா இருக்கட்டும்னு போடறது." நீ பின்னால் ஓட்டினாய். "மூணாவது எலயில பாருங்க. அந்த நாதஸ்வரக்காரரு ஒக்காந்து சாப்ட்டுகினு இருக்காரு. அடுத்த செகண்டே ஊதறாரு. எச்சக் கையோடயா?" முப்பது வருடத் தொழிலில் நான் பார்க்காமல் விட்ட இடம் அது. பந்தியில் ஊதுகிறவரே உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் அவர் கன்னத்தையே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. நகலைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் கூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

சரி. பெட்டியில் இருப்பது அந்தப் பதினெட்டு விநாடி. டேப்பைப் பாவாவிடம் கொடுத்துவிட்டேன், அது என்றைக்கோ எரிந்திருக்கும். ஆனால் தொகுப்பதற்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றியது பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தது. நான் அதை ஒளித்து வைத்துக் காப்பாற்றினேன் என்று தயவுசெய்து படத்தில் காட்டிவிடாதே. முதலில் அழிக்க மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். பரண்மேல் சாமிப் படங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அங்கே எதுவுமே இல்லை என்று பதினான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வேறொன்றுமில்லை.

நீ ஊரில் படம் போடப்போகிறாய் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து நடந்ததைக் கேள். முதல் மண்டபத்துக்காரர் சரி என்றார், மறுநாள் பெயிண்ட் அடிக்கிறோம் என்றார். போய்ப் பார்த்தேன், பெயிண்ட் டப்பா ஒன்று கூட இல்லை. இரண்டாவது மண்டபத்தில் கரண்டு வேலை நடக்கிறதாம். மூன்றாவது ஆள் கதவையே திறக்கவில்லை, ஜன்னல் வழியாக "வேற நாள் பாக்கலாம்ங்க" என்றார். ஜமால் பாய்தான், "லாரிய வெளிய நிறுத்திட்டா நூறு பேர் ஒக்காரலாம். என்ன, கொஞ்சம் கிரீஸ் நாத்தம் அடிக்கும்" என்று ஷெட்டைக் கொடுத்தார். அந்த வாரத்திலிருந்து பாவா தினமும் மூன்று மணிக்குக் கடைக்கு வர ஆரம்பித்தார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டூலில் உட்காருவார். சாப்பிட்டேனா என்று கேட்பார். அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போவார். தெருவில் யாரும் அந்த அரை மணி நேரத்தில் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கூட வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை, "எனக்கு ஒரு போட்டோ எடுங்கண்ணா" என்றார். எடுத்தேன். கண் கொட்டாமல் கேமராவையே பார்த்தார். "நல்லா வந்துச்சா? அழிச்சுடாதீங்க. அழிக்கறது உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே." சிரித்துக்கொண்டே எழுந்தார். "பாப்பாவும் போட்டோ புடிக்கறதுல உங்களாட்டமே கெட்டின்னு சொல்றாங்க. பாத்து இருக்கச் சொல்லுங்க. குவாரிப் பக்கமெல்லாம் வழுக்குற எடம்."

இதற்குப் பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திங்கட்கிழமை அவர் வந்து, "பாப்பா எப்பண்ணா வருது? ஊரே காத்துகினு இருக்குது" என்று கேட்டார். நான் வாய் தவறிச் சொன்னேன் என்று எழுத முடியாது. வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லிச் சொல்லியே வளர்ந்த வாய் இது. "ஞாயித்துக்கிழமை காலையில ஒம்போது மணி ரயில்லங்க. மணவூர்ல எறங்கி, கோவிந்தம்மாவ அவங்க பொண்ணு வூட்லேர்ந்து கூட்டிகினு ஆட்டோவுல வரும்." நீ வருகிற ரயில், இறங்குகிற ஊர், பாவாவின் ஆட்களுக்குப் பயந்து மகள் வீட்டில் ஒளிந்து வாழ்கிற அந்த அம்மாவின் இருப்பிடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன். "ஆட்டோவுலயா? அந்த ரோட்டுல பகல்லயே ஆள் நடமாட்டம் இருக்காதே" என்றார். எழுந்து போனார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவர் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அவர் தினமும் வந்தபோது பயமாக இருந்தது, வராதது அதைவிடப் பயமாக இருக்கிறது.

நீ மூன்று தடவை கேட்ட ஏன் என்பதற்குப் பதில் இதுதான். உன்னைக் காட்டிக்கொடுத்தவன் நான். அவர்கள் உன்னை எதுவும் செய்யாமலும் இருக்கலாம், இது என் வயசான காலத்துப் பயமாகவும் இருக்கலாம். ஆனால் இலை அப்படியே இருக்கட்டும் என்று சொன்ன குரலை நான் கேட்டிருக்கிறேன்.

ஜமால் பாய் நேற்றே வேன் எடுத்துக்கொண்டு போய்க் கோவிந்தம்மாளை அழைத்து வந்துவிட்டார். பாய் வீட்டுப் பெண்களோடு கோவிந்தம்மாள் இருக்கிறார். அந்த அம்மா இதையெல்லாம் ஊரோடு ஊராக உட்கார்ந்து கேட்கக் கூடாது என்று நேற்றுச் சாயங்காலமே நான் போய்ச் சொல்லிவிட்டேன். உன் அம்மாவும் வந்தாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சாப்ட்டு முடிச்சாராங்க?" நான், "இல்லம்மா. சாம்பார் வரைக்கும்தான்" என்றேன். அப்போதுதான் தலையைத் தூக்கி, "இப்பனாச்சும் அந்தப் போட்டோவ எடுத்துக் குடுப்பீங்களா சார்?" என்றார். ராத்திரி ஏகாம்பரம் சிரிக்கிற இடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். காலையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வாயில் சோறு இருக்கிறது, பரவாயில்லை என்றார் கோவிந்தம்மாள்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், எப்போதும் போல எதிர்த்துப் பேசாதே. பெட்டியில் இருப்பதை முதலில் உன் வக்கீல் சிநேகிதியிடம் கொடு. பிறகுதான் படம். நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. வெட்டச் சொன்னது யார், வெட்டியது யார் என்று எழுதியிருக்கிறேன், நான் எங்கே வந்து சொல்ல வேண்டுமானாலும் சொல்கிறேன். நகல்களை உன் அறையில் வைக்காதே, நாலு பேர் வீட்டில் வை. சனிக்கிழமை நம் ஊர் பைபாஸில் ஜமால் பாய் நிற்பார், அவர் வண்டியைத் தவிர எதிலும் ஏறாதே. இனிமேல் எந்த ஊரில் படம் எடுத்தாலும், யாராவது இனிமையாகப் பேசினால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விடு. உன்னிடம் கம்பெனி இல்லை, பின்னால் நிற்க முதலாளி இல்லை. அதனால்தான் உன்னால் இந்தப் படத்தை எடுக்க முடிந்தது. அதனாலேயே உன்னை யாரும் சுலபமாகத் தொடவும் முடியும். தனியாகப் படம் எடு, தனியாக ஊருக்குப் போகாதே. அப்புறம், எழுத்துப் போடும்போது அந்தக் கல்யாண வீடியோவின் கீழே என் பெயரைப் போடு. படத்தொகுப்பு என்று போட்டு என் பெயர். வெட்கப்படாதே. நான் வெட்கப்படுவதற்காகத்தான் போடச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நான் மணவூர் ஸ்டேஷனில் இருப்பேன். நீ வராத அந்த ரயிலுக்கு. பழைய கேமராவுக்குப் பேட்டரி ஏற்றிவிட்டேன், ஓடுகிறது. பிளாட்பாரத்தில் யாரும் இல்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டு, என் பயத்தைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டு வந்துவிடுவேன். யாராவது நின்றால், எத்தனை பேர், என்ன வண்டி, யார் முகம் என்று வரிசையாக எடுப்பேன், பந்தியை எடுப்பது போல. ஜமால் பாய் தானும் வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஷெட்டில் உன்னோடு ஒருத்தர் இருக்க வேண்டும், வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்குள் நான் வரவில்லை என்றாலும் படத்தை நிறுத்தாதே. வாசித்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுவிடு.

உன் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. நேற்று ராத்திரியிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ வருகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வடை பாயசத்தோடு சமைக்கப் போகிறாள், வாழையிலைக்குக் கூடச் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது இதை எழுதிக்கொண்டே, எனக்கும் சேர்த்து ஒரு இலை போட்டு வை, படம் முடியறதுக்குள்ளே வந்துடறேன் என்று அவளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "நீங்க வாங்க மொதல்ல," என்றாள். "வந்து கை கழுவிகினு ஒக்காருங்க. அப்பறம் போடறேன்."

நைனா